சிவந்த தூசி விழுந்த நாள்

தூசிக்காற்று அடிக்கும் நாட்களில் யன்னல்களைச் சாத்திவிட்டு இடுக்குகளில் ஈரத்துணி செருகும் ஒரு கை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. இத்தாலியில், பலெர்மோவில் பதினொரு வருஷம் நான் பார்த்துக்கொண்ட டொக்டரம்மாவின் கை அது. டோட்டோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவேன். வடக்கே எங்கோ அணு உலை வெடித்த வருஷம் அவர் இளம் டொக்டராம். பிள்ளைகளுக்குப் பசும்பாலும் கீரையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லித் திரிந்தபோது தாய்மார் சிலர் சிரித்தார்களாம். வானம் அன்று நல்ல நீலமாம். "அணுப் புழுதிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை" என்பார்.

டிவியில் அணு உலைக்குப் பக்கத்தில் குண்டு விழுந்ததைக் காட்டிய அன்று, "அந்தப் புழுதி இங்கே வந்தால் என்ன செய்வாய்?" என்று என்னைக் கேட்டார். கூச்சத்தோடு சொன்னேன்: "செத்த வீட்டுக்குப் போட்டு வந்தால் உடுப்பைக் கழட்டி வெளியிலை போட்டு, தலைமுழுகிப்போட்டுத்தான் நாங்கள் உள்ளுக்கு வாறது. அப்பிடித்தான் செய்வன்."

அவர் கைதட்டிச் சிரித்தார். "அதேதான்! பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு. அணுக் கதிருக்கு விழுங்கும் அயடீன் குளிசை, அரசாங்கம் போடச் சொன்னால் மட்டும். காயத்துக்குப் பூசும் அயடீனை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது, அது நஞ்சு."

போன மாரியில் அவர் கண்ணை மூடிவிட்டார். இந்தப் பங்குனியில் ஆபிரிக்கக் காற்று அடித்து வானம் சிவந்தது. அது வருஷாவருஷம் வரும் பாலைவனத் தூசிதான். ஆனால் அன்று காலையும் டிவியில் அணு உலைப் பேச்சு. எங்கள் மாதா கோயில் பெண்களின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது: இது அணு உலைப் புழுதி, பிள்ளைகளின் பாலில் காயமருந்து அயடீன் இரண்டு சொட்டு விடுங்கோ.

மேல் மாடியில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு ஓடினேன். அவர் தன் பேத்திக்கு நீட்டிய டம்ளரில் பால் மண்ணிறமாய் இருந்தது.

"குடுக்காதேங்கோ மச்சாள், நஞ்சு!"

"அஞ்சாம் வகுப்போடை நிண்ட ஆள், இண்டைக்கு டொக்டராகிப்போட்டீரோ?"

டம்ளரைப் பறித்துத் தொட்டிக்குள் ஊற்றினேன். கோயிலில் வாசகம் வாசிக்கக்கூட எழும்பாதவள் நான். அன்று போனை வாய்க்கருகே பிடித்து, "ஒருதரும் குடுக்காதேங்கோ" என்று அத்தனை பேருக்கும் சொன்னேன்.

என் குரலை எல்லோரும் திறந்து கேட்டுவிட்டார்கள். நகரத்தின் கடலோரப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் தனியே இருக்கும் கைக்குழந்தைக்காரி மட்டும் இன்னும் திறக்கவில்லை. அவளுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவைதான் எடுத்தாள்.

"அன்ரி, கை வேலையா நிக்கிறன். போத்தில்லை பாலும் அந்தச் சொட்டு மருந்தும் கலக்கிறன். பிறகு கதைக்கட்டே?"

"போனை வையாதை பிள்ளை, அந்தப் பாலை ஊத்து!" என்று கத்தினேன்.