கிரிசல் ரென்னியின் கொடியில் ஓர் ஆண் சட்டை

கிரிசல் ரென்னி வாய்விட்டு வேதாகமச் சங்கீதம் பாடினால், எங்கள் ஊர் கார்த்மூரில் பாடியது தூரத்து டனீடின் துறைமுகத்தில் கேட்கும். நங்கூரம் போட்ட கப்பல்களெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். ஆற்றுக்கு அக்கரையில் ஆடு மேய்க்கிறவனுக்குக் கேட்கும். அந்த அளவுக்குச் சத்தியம் செய்யலாம். ஆனால் கோயிலில் அவள் அந்தக் குரலைப் பாதிக்கு மேல் விட்டதில்லை. எங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையில் அப்போது ஆர்மோனியம் கிடையாது. சங்கீதத்தை எடுத்துக்கொடுக்க ஓர் ஆண் உண்டு. அவர் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள். பெண்பிள்ளை முந்திக்கொள்வது நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

கிரிசல் ஸ்காட்லாந்திலிருந்து இந்தக் குடியேற்ற நாட்டுக்குக் கப்பலில் வந்தவள். வந்த மூன்றாம் வருஷம் புருஷனை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. கைக்குழந்தையாக இருந்த இஸபெலை ஊரார் துணியைத் துவைத்துத்தான் வளர்த்தாள். திங்கள் முதல் சனி வரை கை சோடாக் காரத்தில் வெந்திருக்கும். ஓய்வுநாளில் மட்டும் கொடி வெறுமையாகக் கிடக்கும். அவளுக்கு இருந்த ஒரே பெருமை, பத்தொன்பது வருஷமாக சபை கூடி அப்பம் பகிரும் திருவிருந்து ஒன்றுகூட விடாமல் அனுமதி வில்லை வாங்கியவள் என்பது. திருவிருந்துக்கு முந்தின நாள் சபையை நடத்தும் மூப்பர் அந்த ஈய வில்லையை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். நடத்தை சரியில்லை என்று பட்டால் கொடுக்கமாட்டார். வில்லை இல்லாதவருக்கு மேசையில் இடமில்லை.

1886 இலையுதிர் காலத்துத் திருவிருந்தை அவள் ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்தாள். பதினெட்டு வயது இஸபெல் அன்றைக்குத்தான் முதல்முறை மேசைக்கு வரப்போகிறாள். தாயும் மகளும் அருகருகே உட்கார்ந்து அப்பம் வாங்கவேண்டும். அதற்கென்று கறுப்பு உடுப்பும் தைத்து வைத்தாயிற்று.

மூன்று வாரம் இருக்கும்போது, ஓர் ஓய்வுநாள் விடியற்காலை, அவளுடைய துவைக்கும் கொட்டகை வாசலில் ஈபன் மௌவட் விழுந்து கிடந்தார். சங்கீதம் எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். மனைவியைப் புதைத்து இரண்டு மாதம். அதுவரை விஸ்கியைத் தொட்டறியாத மனுஷன். இருந்த ஒரே வெள்ளைச் சட்டை பூராவும் வாந்தியும் சேறும். பதினோரு மணிக்கு அவர் சபைக்கு முன்னால் நின்றாகவேண்டும். விஷயம் தெரிந்தால் வேலை போகும். சபை கொடுத்த வீடும் போகும். மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்கவேண்டியதுதான்.

கிரிசல் அவரைப் புரட்டி நிமிர்த்தினாள். பிறகு சட்டையைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். வறண்ட வடமேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கொடியில் கிடந்தால் போதும்.

அந்த அரை மணி நேரத்தில்தான் மூப்பர் ஹால்டேன் பால் வாளியோடு அந்த வழியே போனார். ஓய்வுநாளில் பால் கறக்கலாம். மாட்டின் மடிக்குக் கிழமை தெரியாது. துணி காயப்போடக் கூடாது. அதிலும் விதவை வீட்டுக் கொடியில் ஓர் ஆண் சட்டை, இரண்டு கையையும் விரித்து ஆடிக்கொண்டிருந்தது.

மூப்பர்கள் கூடி அவளை அழைத்து விசாரித்தார்கள்.

"யாரோட சட்டை அது, ரென்னியம்மா?" என்றார் ஹால்டேன்.

"ஒரு ஆம்பளையோடது. அதுவரைக்கும் மூப்பர் சரியாத்தான் பாத்திருக்கீங்க."

"பேரைச் சொல்லிட்டா இத்தோட விட்டுடலாம்."

"ஊர்த் துணி பூரா என் கைதான் அலசுது, ஐயா. எதுல என்ன கறைன்னு நான் சொல்ல ஆரம்பிச்சா, இந்த மேசையச் சுத்தி எத்தனை பேரு உக்காந்திருப்பீங்க?"

ஒரு மூப்பர் இருமினார். ஹால்டேன் இருமவில்லை. வில்லை கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

ஈபன் மறுநாளே கொட்டகைக்கு வந்து, தொப்பியைக் கையில் திருகியபடி, தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பதாக உத்தேசம் என்று கேட்டாள் கிரிசல். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். திருவிருந்து வாரத்தில் மேசை விரிப்பு வழக்கம்போல அவளிடமே வெளுக்க வந்தது. அவள் அதைக் கஞ்சி போட்டு, சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை இஸபெல் மட்டும் வில்லையோடு வீட்டுக்கு வந்தாள்.

"நானும் போகலம்மா."

"போ. நீ போகலேன்னா அந்தச் சட்டை நெசமாவே தப்பான சட்டையாயிடும்."

மறுநாள் கிரிசல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எழுந்து, வில்லையைத் தட்டில் போட்டு, மேசைக்குப் போனார்கள். இஸபெல் தன் பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். ஈபன் சுருதி பிடிக்கும் இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்தார். குரல் வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை. கவையைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நடைபாதை முழுவதும் நடந்து வந்து, தன் வில்லையை எடுத்துக் கிரிசலின் கையில் வைத்தார்.

"சட்டை என்னுது," என்றார் எல்லாருக்கும் கேட்க. அப்படியே அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சங்கீதம் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. போதகர் புத்தகத்தைப் பார்த்தார். ஹால்டேன் வில்லைத் தட்டைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து சங்கீதம் எழுந்தது, கிரிசலின் முழுக் குரலில். பாடிக்கொண்டே நடந்து வந்தாள்; வில்லையைத் தட்டில் போட்டாள்; மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹால்டேனே அப்பத்தட்டை அவள் முன் நீட்டினார்.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியபோது, எழுபது வயது இஸபெல் பின்னல் ஊசியை மடியில் வைத்தாள்.

"பாட்டு சரி. நடந்து வந்தது சரியில்ல. அம்மா எந்திரிக்கவே இல்ல, கடைசி பெஞ்சுல உக்காந்தபடியேதான் பாடுனா. வில்லைய ஈபனுக்கே திருப்பி நீட்டுனா, அவரு வாங்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல பெஞ்சு மேலயே கிடந்துச்சு. என் பக்கத்துல யாரும் வரல. அப்பத்தட்டு கைமாறி என்கிட்ட வந்தப்ப, அந்தக் காலி இடத்தத் தாண்டி எட்டித்தான் அடுத்த ஆளுக்குக் குடுத்தேன்."