பூட்டிய வீட்டைக் காட்டிய கதை

என் அக்கா கணவர் பொய் சொன்னார். மம்சாபுரத்தில் வீடு கட்ட நம்பிக்கையான ஆளை நாங்கள் தேடியபோது, சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் ஒரு காண்ட்ராக்டரின் தோளில் கைபோட்டு, "இவரு கட்டுன வீட்டை என் கண்ணால பாத்திருக்கேன்" என்றார்.

அந்தக் காண்ட்ராக்டர் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அழகான வீட்டின் முன் நிறுத்தி, தான் கட்டியது என்றார். கதவில் பூட்டு. "வீட்டுக்காரவிய பட்டாளத்துல இருக்காவ. லீவுக்கு வந்தாத்தான் தொறப்பாவ" என்றார். என் அப்பாவும் பட்டாளம்தான். பட்டாளத்துக்காரர் நம்பிய ஆள் என்றதும், உள்ளே பார்க்காமலே, சல்யூட் அடிக்காத குறையாகத் திரும்பினோம்.

இப்போது மழை வெளியே நின்ற பிறகும் அவர் கட்டிய எங்கள் புது வீட்டுக்குள் நிற்பதில்லை. அவ்வளவு பாசம். போன வாரம் அந்தப் பட்டாளத்துக்காரர் லீவில் வந்தார். போய்க் கேட்டேன். "அவனா? எங்க கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சவம்லா!" என்று சிரித்தார்.

அக்கா கணவரிடம் சொன்னால், "செத்த பொறுலே, பொறவு பேசுவோம்" என்கிறார். பொறவு வேண்டாம், மச்சான். வரும் ஞாயிறு, அதே சர்ச் வாசலில், அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள்: உங்கள் கண்ணால் நீங்கள் பார்த்த வீடு எது?