மா டின் எடுத்துக் கொடுத்த குண்டு

நர்கிஸ் புயல் ரங்கூனைப் புரட்டிப் போட்டிருந்த சமயம். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் எங்கள் தெருவில் கூரை தப்பியது என் வீட்டுக்கு மட்டும்தான். தெருவுக்குக் கிடைத்த அரிசி மூட்டைகளை என் கூடத்தில்தான் அடுக்கினோம். எலிகள் பகலிலேயே வந்து மூட்டைகளைக் கடித்தன. எலிப்பொறி வாங்கக் கடைகூடத் திறக்கவில்லை. காக்கை விரட்ட வைத்திருந்த ஏர்கன்னைக் கையில் எடுத்தேன்.

அக்கம்பக்கத்துப் பர்மியர்கள் உயிர்க்கொலைக்கு அஞ்சுகிறவர்கள். சுடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சுட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செத்த எலியை வாலைப் பிடித்துக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாயங்காலம் அரிசிக்குப் பாத்திரத்தோடு வருவார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எதிர்வீட்டுப் பர்மியப் பெண்மணி மா டின்னிடம் எரிந்து விழுந்தேன்.

"சோறு எல்லாருக்கும். பாவம் எனக்கு மட்டுமா?"

அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் மூட்டைகளுக்கு எதிரே துப்பாக்கியோடு காத்திருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஈயக் குண்டு டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாங்க தானம் பண்ணினா, அந்தப் புண்ணியத்துல எல்லாருக்கும் பங்கு குடுப்போம்ல, கோ மணி," என்று, அண்ணன் என்பதற்கான 'கோ'வை என் பெயரோடு சேர்த்து, பர்மிய மொழியில் மெல்லச் சொன்னார். "இதுல என் பங்கும் இருக்கட்டும்."

சற்று நேரத்தில் ஓர் எலி வந்தது. சுட்டேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

புண்ணியத்தில் எனக்குப் பங்கு கொடுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். பாவத்தில் பங்கு கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.