வெறுங்கதிரைக்காரர்

எழுபதுகளில் மெல்பேர்னில் நடந்த உலக எரிபொருள் கம்பனிகளின் மாநாட்டில் நான் தேநீர் ஊற்றினேன். கை நீண்ட சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு தமிழர், ஆள் வராத நாட்டின் பெயர்ப்பலகையாகத் தேடித் தேடி அதன் பின்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். காலையில் நோர்வே, மத்தியானம் பிரேசில்.

“ஐயா, நீங்கள் உண்மையிலை எந்த நாட்டுக் கம்பனி?” என்று கேட்டேன்.

“கதிரை வெறுமையாக் கிடந்தா அந்த நாட்டுக்கு மரியாதை இல்லை, தம்பி. சீனியைக் குறைச்சுப் போடுங்கோ” என்றார்.

மாலையில், எண்ணெயை விட்டு நிலக்கரிக்குத் திரும்புவதா என்று வாக்கெடுத்தார்கள். பிரேசில் பலகைக்குப் பின்னால் அவர் நிலக்கரிக்கு இரண்டு கைகளையும் உயர்த்தினார். மேடையில் இருந்தவர் இரண்டையும் எண்ணினார். ஒரே வாக்கால் நிலக்கரி வென்றது.

ஒரு கை பிரேசிலுடையது என்றே வைத்துக்கொள்வோம். மற்றக் கை எந்த நாட்டினுடையது?