ஒரே சோறு, வேறு வேறு மாத்திரை

மருந்துக்கடையில் நிற்பவருக்கு எதிரே வந்து நிற்கும் உடம்புதான் தெரியும். வீட்டில் இருக்கும் உடம்பு தெரியாது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பன்னிரண்டு வருஷமாக நானும் இப்படித்தான் நிற்கிறேன். என்னைப் போல நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

பேரில்லாத அட்டை

கொளஞ்சியப்பன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர், ஆறடி ஆள். சுகர் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அட்டையில் பேர் இருக்கும் பக்கத்தைச் சரியாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார். டாக்டர் சீட்டு எங்கே என்றால், அது வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். ஒரே நிறத்தில் நாலு பவர் வருகிறது, எதை எடுத்துத் தருவது என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீ பாத்துக் குடு பாப்பா, ஒனக்குத் தெரியாததா."

ஒரே சோறு

பிறகு அவர் மனைவி செல்வாம்பாளுக்கும் சுகர் வந்தது. அந்த அம்மா நாற்பது கிலோ தேறமாட்டார், கிட்னியும் பலவீனம். அதனால் டாக்டர் வேறு மாத்திரையை, குறைந்த அளவில் எழுதியிருந்தார். இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடக் கூடாது, விரதம் இருப்பதானால் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். கவர் மேலே பேரும் எழுதினேன். செல்வாம்பாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்.

"ஒரே ஒலச் சோத்தத்தான் ரெண்டு பேரும் திங்கிறோம், மாத்திரை மட்டும் எதுக்கு பாப்பா எனக்கு வேற?"

இரண்டு மடங்கு

புரட்டாசியில் ஒருநாள் கடை நிறையக் கூட்டம். கொளஞ்சியப்பன் தன் மாத்திரையை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டார். அந்த அம்மாவுடையது வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னால் ஆறு பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கொடுத்து அனுப்பிவிட்டேன்.

புருஷனுடைய மாத்திரைதான் நன்றாகக் கேட்கிறது என்று செல்வாம்பாளும் அதையே போட ஆரம்பித்திருக்கிறார். சனிக்கிழமை விரதம். வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, மக்காச்சோளக் கொல்லைக்குக் களையெடுக்கப் போனவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எண்ணிக் கொடுத்தது என் கைதான்.

காரியமெல்லாம் முடிந்து கொளஞ்சியப்பன் வந்தார். டாக்டர் சீட்டைக் கொண்டு வந்திருந்தார். அட்டையும் பேர் கிழியாமல் இருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் போதும் பாப்பா."

இப்போதெல்லாம் வீட்டில் வேறு யார் இதைப் போடுகிறார்கள் என்று கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுப்பதில்லை. அட்டை வாங்கப் போனால் குடும்பக் கதையைக் கேட்கிறாள் என்று அரியலூர் முழுக்க எனக்குக் கெட்ட பேர்.