பிள்ளையும் புழுவும்

என் கணவர் இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் வீட்டு மண்சுவரைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தேன். மசக்கை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு மேடேறினால் மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. கால்கள் வீங்கின. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் நாக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கொயினா (குளிர்காய்ச்சலுக்கான கசப்பு மருந்து) கொடுத்தார். எனக்குக் காய்ச்சலே இல்லை. அதைக் குடித்தால் கரு கலைந்துவிடும் என்றாள் பிரசவம் பார்க்கும் அங்கம்மாள். யாரை நம்புவதென்று தெரியாமல் ஒரு நாள் குடித்தேன், மறுநாள் கொட்டினேன்.

அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் மாட்டு வண்டியில் பதுளைக்குப் போனோம். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என் கண்ணிமையைக் கீழே இழுத்து, உட்புறம் வெளுத்திருப்பதைப் பார்த்தார். சோதனைகள் செய்தபின் என்னிடமே சொன்னார்:

“உமக்கு ரத்தம் காணாது, நல்லாக் குறைஞ்சு போச்சு. குடலில கொக்கிப்புழு இருக்கு.”

கொக்கிப்புழு (வெறுங்கால் தோல் வழியே ஏறி, குடலைப் பற்றி இரத்தம் உறிஞ்சும் புழு) என்ற பெயரையே அன்றுதான் கேட்டேன்.

“அதுக்கு மருந்து குடுங்க ஐயா.”

“அது கடும் மருந்து. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. பிறக்கட்டும்.”

அதுவரை தாங்குவேனா என்று என் கணவர் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரும்புச்சத்து மருந்து மட்டும் கொடுத்து வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

என் கணவர் கட்டிலருகே குனிந்து, “புள்ளைய அப்புறம் பெத்துக்கலாம். நீ இருக்கணும்,” என்றார். வயிற்றில் ஏதோ அசைந்தது. அந்தப் புழுக்கள் நூல் மாதிரி, அசைவது தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் அசைந்தது பிள்ளையா புழுவா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நாள் நிறையும் முன்பே வலி வந்தது. பெண் குழந்தை. கையகலம்தான் இருந்தாள். அழுகை மெலிந்து வந்தது, ஆனால் நிற்கவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

நான் கொஞ்சம் தேறியதும் புழு மருந்து கொடுத்தார்கள். தலை சுற்றியது. வெளியே வந்ததைத் தாதி காட்டினாள். வெள்ளை நூல் துணுக்குகள். என்னைச் சாகடிக்கப் பார்த்தது இவ்வளவுதானா என்று விழித்தேன்.

கர்ப்பத்தில் மண் தின்னும் ஆசை வந்தால், மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். இரத்தம் குறைந்தாலும் அந்த ஆசை வரும். கண்ணிமையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு எல்லாரும் மாதம் எண்ணினார்கள். நோய்க்கு எத்தனையாவது மாதம் என்று யாருக்கும் தெரியவில்லை. மூத்தவன் வயிற்றில் இருந்தபோதே இருந்ததோ என்னவோ.

இப்போது தண்ணீர்க் குடத்தோடு மேடேறுகிறேன். நெஞ்சு படபடப்பதில்லை. அதுவே சில நாள் பயமாகிவிடுகிறது. பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, துடிக்கிறதா என்று மார்பில் கைவைத்துப் பார்க்கிறேன்.