முப்பத்திரண்டு பேரின் கடவுச்சொற்கள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பதினோரு ஆண்டுகளாக ஓர் இணைய மையம் நடத்தி வருகிறேன். இரண்டு கணினிகள், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. சாதிச் சான்றிதழ், பட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருவார்கள். எந்த இணையதளத்துக்குள் நுழையவும் ஒரு கடவுச்சொல் வேண்டும். அடுத்த முறை வரும்போது அது அவர்களுக்கு நினைவிருக்காது. அதற்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும்.

ஆகவே நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அவரவர் ஊரின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல்லாக அமைத்து, ஒரு நீள நோட்டில் பெயருக்கு எதிரே எழுதிவைப்பேன். ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கும் அவர்களுடைய எண்ணுக்குப் பதிலாக என் எண்ணையே பதிவு செய்வேன். இதை உதவி என்று எண்ணியிருந்தேன். பல நேரங்களில் அது உதவியாகவும் இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னைச் சங்கடப்படுத்துகிறது.

அந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தவர்களில் ஒரு பெண், அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவளுடைய அம்மா வயல் கூலிக்குப் போகிறவர். அரசுக் கல்லூரியில் விடுதியோடு இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் நடவுதான் என்று முன்பே மகளிடம் சொல்லியிருந்தார். இரண்டு மாலைகள் என் பெஞ்சில் உட்கார்ந்து, எழுதியும் அடித்தும் அவள் தன் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். முதல் ஐந்தும் அரசுக் கல்லூரிகள். பட்டியலை மாற்றிக்கொள்ள வியாழக்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவளுடைய விருப்பப் பட்டியல் மாற்றிச் சேமிக்கப்பட்டது என்றது. அவள் அம்மாவோடு நடவுக்குப் போயிருப்பதை நான் அறிவேன். உள்ளே நுழைந்து பார்த்தேன். அரசுக் கல்லூரிகள் எல்லாம் கடைசிக்குப் போயிருந்தன. முதலிடத்தில் இருந்தது ஒரு தனியார் கல்லூரி. அதற்கு ஆள் சேர்த்துவிடும் முகவர் ஒருவர் வாரம் இருமுறை என்னிடம் ஜெராக்ஸ் எடுக்க வருவார்; மரியாதையானவர், அக்கா என்றுதான் அழைப்பார். நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்திருக்கிறது.

கணினியில் நான் சேமித்துவைத்திருந்த பழைய பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் திருத்திச் சேமித்தேன். பத்து நிமிடத்தில் அதே குறுஞ்செய்தி மீண்டும் வந்தது. எங்கோ ஒருவர் அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடவுச்சொல்லை மாற்றினால்தான் இது நிற்கும். மாற்றப் போனபோது ஓர் இரகசியக் கேள்விக்குப் பதில் கேட்டது. பதிவு செய்த நாளில் நான் வேறொருவருக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பதிலை அவளே தட்டச்சு செய்திருந்தாள். நோட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அந்த மனிதராலும் கடவுச்சொல்லை மாற்ற முடியாமல் போனது அதனால்தான். அவளைப் பற்றி நான் எழுதிவைக்காத ஒன்றே ஒன்றுதான் அவளைக் காத்துக்கொண்டிருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏரிக்கு அப்பாலிருந்த வயலுக்குப் போனேன்.

"ஏய், கம்ப்யூட்டரம்மா நடவுக்கு வந்துக்கீறாங்கடி! சேலையத் தூக்கிச் சொருகினு எறங்கும்மா" என்று வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

பெண்ணின் அம்மா மட்டும் நிமிர்ந்தார். "இன்னாம்மா, இந்த வெயில்ல? எதுனா பேஜாரா?"

நடந்ததை வரப்பில் நின்றபடி சொன்னேன். கடவுச்சொல் வெளியே போனது என் நோட்டிலிருந்துதான் என்பதையும் சொன்னேன்.

"யாருக்கும் சொல்லாத, யாருக்கும் காட்டாதன்னு எங்களாண்ட சொன்னது நீதானம்மா? ஊருக்கே ஒரே சாவியப் போட்டு, அத்தயும் மேசை மேல வெச்சிக்கினு இருந்தியா?" என்றார் அம்மா.

"ஆமாம்" என்றேன்.

சிரித்த பெண்ணின் முகம் மாறியிருந்தது. "எம் பொண்ணுதும் அதுல கீதா?"

"இருக்கிறது."

"சரி, மொதல்ல இத்த முடி. அப்பால எங்களுத பாரு."

மகள் கையிலிருந்த நாற்றை அம்மாவிடம் கொடுத்தாள். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

மையத்துக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. கேள்வி திரையில் வந்ததும் அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" பதினோரு ஆண்டுகளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றேன். விசைகளின் ஓசை நின்று நின்று கேட்டது. கடவுச்சொல்லை மாற்றினாள், என் எண்ணை நீக்கிவிட்டுத் தன் சித்தியின் எண்ணைப் போட்டாள், பட்டியலை வரிசையாக அடுக்கிச் சேமித்தாள். ஐந்து மணி வரை நாங்கள் திரையை விட்டு எழவில்லை. அதற்குள் யாரும் அதைத் தொடவில்லை.

சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் எழுதினேன். முகவர்மேல் சந்தேகம் என்றுதான் எழுத முடிந்தது. மறுநாள் தொடங்கி நோட்டில் மிச்சமிருந்த முப்பத்தோரு பேரையும் ஒவ்வொருவராக வரவழைத்தேன். புதுக் கடவுச்சொல்லை அவரவரே அமைக்க வேண்டும், எனக்குச் சொல்லக்கூடாது என்றேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் பசுவின் பெயரையே வைக்கப்போவதாகக் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். வேறு வைக்கச் சொன்னேன். கடைசி ஆள் போனதும் நோட்டைத் துண்டு துண்டாகக் கிழித்தேன்.

அவளுக்குக் கல்லூரி இட ஒதுக்கீடு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது; செய்தி என் எண்ணுக்கு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவள் அம்மாவோடு வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே என் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். அவளே இணையதளத்துக்குள் நுழைந்து ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பதிவிறக்கி அச்செடுத்தாள். அவளுடைய மூன்றாவது விருப்பம், அரசுக் கல்லூரி, விடுதியோடு. அம்மா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல கீற லெட்டர் காப்பிய அழிச்சிடுங்க" என்றாள் பெண். பக்கத்தில் நின்று பார்த்தாள். அழித்தேன்.

"குப்பைத் தொட்டியில கீதா பாருங்க."

திரையின் மூலையிலிருந்த அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அதையும் அழித்தேன்.